துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்

அந்தப் போர்க்கப்பலுக்குக் கடற்படை வைத்தது ஓர் எண். அதை அதன் முகப்பில் வெள்ளை வண்ணத்தில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் துறைமுகத்தில் ஒருத்தர்கூட அதை எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அது துடைப்பம். கடலுக்குள் எதிரி போட்டு வைத்த கண்ணிவெடிகளைக் கூட்டிப் பெருக்குவதுதான் அதன் வேலை.

பெருக்குகிற கப்பலைத் துடைப்பம் என்பதில் தப்பொன்றும் இல்லை. சொன்ன தொனிதான் தப்பு. அந்தப் பெயரை வைத்தவர்கள் பக்கத்துத் துறையில் நிற்கும் பெரிய போர்க்கப்பல்காரர்கள். ஒரு வருடம் கடற்படை அணிவகுப்புக்காகத் துடைப்பத்துக்குப் புது வண்ணம் அடித்து, கயிறுகளை வெளுத்து, கொடிமரம் முழுக்க வண்ணக்கொடி கட்டியபோது, பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒருவன் வாயருகே கையைக் குவித்துக் கத்தினான். "துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம் கேக்குதோ!" துறைமுகமே சிரித்தது. நம் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். அணிவகுப்பில் பல்லைக் கடிக்கலாம், பதில் பேசக்கூடாது.

துடைப்பம் முழுக்க மரத்தால் ஆனது. கண்ணிகளில் இரும்பு வந்தால் விழித்துக்கொள்ளும் வகை உண்டு, எஞ்சின் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும் வகை உண்டு. அதனால்தான் மர உடம்பு, சத்தம் அடக்கிய எஞ்சின்கள். பின்னால் வெகுநீளக் கயிற்றில் ஓர் இரும்புப் பெட்டியை அது இழுத்துக்கொண்டு போகும். பெட்டி தண்ணீருக்குள் கடமுடவென்று ஓயாமல் கத்தும். ஏதோ பெரிய கப்பல் வருகிறது என்று ஏமாந்து கண்ணி வெடிக்கும்போது துடைப்பம் பத்திரமான தூரத்தில் இருக்கும். தூங்குகிறவர்களைத் தூங்கவிடாது, தானும் வாய் மூடாது என்பதால் அந்தப் பெட்டிக்கு மாமியார் என்று பெயர். "மாமியாரை இறக்கு", "மெதுவா தூக்குப்பா, கோவிச்சுக்கப் போறா" என்பதெல்லாம் அந்தக் கப்பலில் முறையான உத்தரவுகள்.

போர் நடந்த வருடங்களில் துடைப்பம் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. முன்தளத்தில் இருந்த ஒரே பீரங்கியைக் கடற்பறவைகள்தான் பயன்படுத்தின. ஆனால் பெரிய கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் முன்னால் துடைப்பம் போயாக வேண்டும். கேலி பேசிய வாய்கள் அன்றைக்கெல்லாம் பொத்திக்கொண்டு, கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போவது போல வரிசையாக வரும். ஒரு புயலில் கவிழ்ந்த சரக்குக் கப்பலின் ஆட்கள் அத்தனை பேரையும் துடைப்பம் அள்ளிக்கொண்டு வந்தது. கால் வைக்க இடமில்லாமல் சமையற்காரர் அடுப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தார். கேப்டன்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் எந்நேரமும் பாடுவார். ஒருவருக்கு அலையைப் பார்த்தாலே குமட்டும். எஞ்சின்களையே இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. மாறாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். கீழே எஞ்சின்காரர், மேலே சுக்கான் பிடிக்கும் சுக்கானி.

சுக்கானி நின்று நின்று சுக்கானுக்கு முன்னால் இருந்த பலகையில் இரண்டு குழி விழுந்திருந்தது. புதிதாக வந்தவர்கள் யாராவது அங்கே நின்றால் பாதம் பொருந்தாமல் தடுமாறுவார்கள். அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

உண்மையான வேலை போர் முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. சண்டை போட்டவர்கள் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். போர் முடிந்த சங்கதியைக் கண்ணிகளுக்கு யார் போய்ச் சொல்வது? வருடக்கணக்காகத் துடைப்பம் கடலை உழுதது. ஒரு பட்டை போய், திரும்பி, அதை ஒட்டி அடுத்த பட்டை. இரண்டு பட்டைக்கும் நடுவே தப்பித்தவறி ஒரு கீற்று விட்டுப்போனால் அதற்குக் கப்பலில் வகிடு என்று பெயர். "வகிடு விழுந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், சாப்பாட்டு நேரமாக இருந்தாலும் கப்பல் திரும்பிவிடும். ஒவ்வொரு பட்டைக்கும் பத்து தரம் போக வேண்டும் என்பது விதி. சில கண்ணிகள் கள்ளத்தனம் படித்தவை, முதலில் வரும் ஏழெட்டு சத்தத்தைச் சும்மா விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். பத்தும் முடிந்ததும் வயர்லெஸ்ஸில் கரைக்கு ஒரே வார்த்தை போகும்: "ஒன்றுமில்லை." மற்ற கப்பல்களுக்கு அப்படிச் சொல்வது வெட்கம். துடைப்பத்துக்கு அந்த வார்த்தைக்குத்தான் சம்பளம்.

கடைசியாக மிச்சமிருந்தது ஊருக்கும் எதிர்க்கரைத் தீவுக்கும் நடுவே உள்ள நீரிணை. போருக்கு முன் படகில் அரை மணியில் போய்வந்த தூரம். போருக்குப் பின் தீவுக்காரர்கள் ஊருக்கு வர ஒரு நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அதையும் துடைப்பம் பெருக்கி முடித்தது. கேப்டன் கையெழுத்துப் போட்டார். புதுப் பயணிப் படகு ஒன்று வாங்கி நிறுத்தினார்கள். முதல் பயணத்துக்கு நாள் குறித்தார்கள். அதோடு துடைப்பத்துக்கும் நாள் குறித்தார்கள். மர உடம்பில் உப்பு ஏறிவிட்டது, இனிமேல் செலவு கட்டாது, பிரித்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது.

அந்தப் புதுப் படகை ஓட்டப் போகிறவள் சுக்கானியின் மகள். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். உரிமத் தேர்வில் முதலாவதாக வந்து வேலையை வாங்கியிருந்தாள். அன்று சாப்பிடும்போது அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். "அப்பா, கப்பலைப் பிரிச்சா மேல்தளப் பலகையை எனக்குக் கேட்டு வாங்கிக் குடுங்களேன். படகுல பெஞ்சு பத்தல. நல்ல மரம், வீணாப் போகக்கூடாதுல்ல?"

சுக்கானி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். உயிரோடு இருக்கிற ஆளிடம், செத்த பிறகு உன் சட்டை எனக்கு என்று கேட்டது போல இருந்தது அவருக்கு. மூன்று நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் விட்டுப்பிடிக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள் பிற்பகல். அந்த முதல் பயணத்தைத் துடைப்பத்து ஆட்கள் வீட்டுச் சவாரி என்பார்கள். எங்கோ ஒரு கடற்கரையில், பெருக்கி முடித்த தண்ணீரில் இறங்க மீனவர்கள் மறுத்தபோது, அப்போதிருந்த கேப்டன் தன் மனைவி மக்களையே படகில் ஏற்றி அனுப்பிக் காட்டினார். அன்றிலிருந்து எந்தத் தண்ணீரைப் பெருக்கினாலும் முதல் படகில் பெருக்கினவர்களின் குடும்பம்தான் போகும். நாளை சவாரி முடிந்ததும் எல்லாருக்கும் சுக்கானி வீட்டில் விருந்து. "முன்னறையையாவது பெருக்கி வைங்க" என்று மனைவி துடைப்பத்தைக் கையில் கொடுத்திருந்தார். நிஜத் துடைப்பத்தை.

அவரும் பெருக்கினார். உதட்டில் ஒரு சீட்டியோடு, பட்டை பட்டையாக, சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பெருக்கினார். மனைவி வந்து பார்த்தார். "பரவாயில்லையே! சரி, இந்த அலமாரியை அந்தப் பக்கம் நகர்த்திட்டா நாலு பேர் உக்கார இடம் கிடைக்கும். ஒரு கை பிடிங்க" என்றார்.

பிடித்தார்கள். நகர்த்தினார்கள். அலமாரி இருந்த இடத்தில் பஞ்சுமெத்தை கணக்காகத் தூசி. நடுவில் சீருடைப் பித்தான் ஒன்று, மகள் சின்ன வயதில் தொலைத்துவிட்டு ஊரையே இரண்டாக்கிய சிவப்பு ஹேர்பின் ஒன்று.

"கடலையே பெருக்குற மகராசா, இது என்னவாம்?"

"அங்க அலமாரி இருந்துச்சு. சுத்திப் பெருக்கினேன்."

"இருந்துச்சு, சரி. இப்ப இல்லையே? நகர்த்தினதும் பல்லைக் காட்டுதுல்ல?"

மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுக்கானி சிரிக்கவில்லை.  அந்தச் சதுரத் தூசியையே வெறித்துப் பார்த்தார். 

நீரிணையின் நடுவே, பக்கத்தில் பாறைத்திட்டு இருப்பதைக் காட்ட, ஒரு விளக்குப் படகு நங்கூரத்தில் நின்றது. எஞ்சின் இல்லாத வெறும் மரப்படகு. மேலே ஒரு விளக்கு மட்டும் இருக்கும். போருக்கு முன்பிருந்தே அங்கேதான் நின்றது. காற்று அடிக்கிற பக்கம் நங்கூரத்தைச் சுற்றி வட்டம் போடும். பெருக்கிய காலமெல்லாம் அதுதான் துடைப்பத்துக்கு அடையாளம். அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போவார்கள், கிட்டே வந்ததும் ஒதுங்குவார்கள், தாண்டியதும் மறுபடி நேராவார்கள். ஆயிரம் தரம் அப்படிப் போயிருப்பார் சுக்கானி. நீரிணை சுத்தம் என்று கையெழுத்தான பிறகு பாறைமேல் கம்பம் நட்டு விளக்கை அதில் மாட்டினார்கள். விளக்குப் படகை நீளக் கயிறு போட்டு எட்ட நின்று இழுத்துப் போனார்கள். இழுத்ததும் துடைப்பம்தான். விளக்குப் படகு போட்ட வட்டத்துக்குள் மட்டும் யாரும் பெருக்கவே இல்லை. எஞ்சின் சத்தமே கேட்காத அந்த மரப்படகுக்கு அடியில் ஏதாவது ஒன்று இத்தனை வருடமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். தீவுக்கு நேர்வழி இப்போது அந்த வட்டத்தின் நடுவே போகிறது. நாளைக் காலை அந்த வழியில், பெரிய எஞ்சின் போட்ட இரும்புப் படகை அவர் பெற்ற மகள் ஓட்டிக்கொண்டு போவாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்று மனைவி தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வகிடு" என்றார் சுக்கானி. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கேப்டன் தன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சுக்கானியைவிட வயதில் மிகவும் சின்ன பெண். கத்திப் பேசத் தெரியாதவர், ஆனால் அவர் மெதுவாகச் சொன்னால் கப்பலின் மறுமுனை வரை கேட்கும். சுக்கானி மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வரைபடத்தை விரித்துவிட்டார். விளக்குப் படகின் சின்னம் இருந்த இடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"தப்பு என்னோடது மேடம். சுக்கான் பிடிச்சவன் நான்" என்றார் சுக்கானி.

"கையெழுத்து போட்டவ நான். பாகப்பிரிவினையை அப்புறம் வச்சுக்கலாம் அண்ணே." கேப்டன் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். "தினமும் அந்தப் படகைப் பாத்துக்கிட்டேதான் டீ குடிச்சேன். அதுக்கு அடியில என்ன இருக்கும்னு ஒரு நாளாவது தோணுச்சா பாருங்க."

துறைமுக அலுவலகத்துப் பெரியவர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். விழா இருக்கிறது, பேண்டு வாத்தியம் இருக்கிறது, தீவுக்காரர்கள் விடியும் முன்பே கரையில் வந்து நிற்பார்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா உசுரு பெருசும்மா. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் சமாளிக்கிறேன்" என்றார். நல்ல மனுஷன். பேண்டுக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கே சொல்வது என்று அடுத்த கவலைக்குப் போய்விட்டார்.

சங்கடம் கப்பலில் இருந்தது. மாமியாரைக் கழற்றிக் கிடங்குக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு எஞ்சினைப் பாதி பிரித்துப் போட்டிருந்தார்கள். எஞ்சின்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். "பிணத்தை எழுப்பி டான்ஸ் ஆடச் சொல்றே" என்று சுக்கானியிடம் முறைத்தார். முறைத்துக்கொண்டே சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். மாமியாரைத் தூக்கிவரக் கிடங்குக்கு ஆள் போனது.

மகளிடம் சொல்ல வேண்டுமே. சுக்கானி படகுத்துறைக்கு நடந்தார். அவள் புதுப்படகின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் துணியை மடித்து வைத்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். அந்த வட்டத்துல நிஜமாவே பயம் இருக்கா? இல்ல, கப்பலை விட மனசில்லாம இன்னும் ஒரு நாள் ஓட்டலாம்னு பாக்கறீங்களா?"

"என்ன பேச்சு பேசறே நீ!"

"பெஞ்சுன்னு சொன்னதுக்கே மூணு நாள் பேசல. அதான் கேக்கறேன். நான் காத்திருக்கேன், எத்தனை மணி ஆனாலும் சரி. ஆனா இது எனக்காகவா, கப்பலுக்காகவான்னு மட்டும் சொல்லிடுங்க."

சுருக்கென்று தைத்தது. எனக்காகவா என்று கேட்கிறாளே, வேறு யாருக்காகவாம் என்று சொல்ல வாயெடுத்தார்.  ஓடி வரும்போது வயிற்றில் பயம் இருந்தது நிஜம். எஞ்சின்காரர் ஸ்பேனரை எடுத்தபோது அதே வயிற்றில் ஒரு சந்தோஷம் இருந்ததும் நிஜம். பதில் சொல்லாமலே திரும்பி நடந்தார்.

மறுநாள் விடியலில் கிளம்பும்போது மனைவி அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தார். பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டுக்குஞ்சம். முன்னறைத் திரைச்சீலையைக் கட்டி வைக்கும் கயிற்றின் முனையில் தொங்கியது, கல்யாணத்துக்கு வந்த சீர். கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்.

"அன்னிக்கு எவனோ கேட்டானே, பட்டுக்குஞ்சம் கேக்குதோன்னு. ஆமா, கேக்குதுன்னு சொல்லுங்க. உச்சியில கட்டிக்கிட்டுப் போங்க."

"திரைக்கு?"

"ரப்பர் பேண்டு போட்டுக்கறேன். போங்க."

கொடிமரத்தின் உச்சியில் குஞ்சம் ஏறியது. துடைப்பம் இருமிக்கொண்டே துறையை விட்டு நகர்ந்தது. பெரிய கப்பலின் மேல்தளத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நுரையோடு நின்றார்கள்.

விளக்குப் படகு நின்ற இடத்துக்கு நான்கு பக்கமும் மிதவை போட்டாயிற்று. மாமியார் இறங்கினாள். முதல் தரம் போனார்கள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் தன்பாட்டுக்குக் கிடந்தது. இரண்டாவது, மூன்றாவது. வெயில் ஏறியது. படகுத்துறையில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. சுக்கானி அந்தப் பக்கம் பார்க்காமல் மிதவைகளையே பார்த்து ஓட்டினார். வழக்கமாக அடையாளம் சொல்லும் விளக்குப் படகு இல்லாமல், பழகின வீட்டில் இருட்டில் நடப்பது போலத் தடவித் தடவித்தான் போக முடிந்தது.

ஆறாவது தரம் முடியும்போது ஒரு எஞ்சின் உயிரை விட்டது. கப்பல் ஒரு பக்கமாக இழுத்தது. எஞ்சின்காரர் முகமெல்லாம் கரியோடு மேலே வந்தார்.

"யோவ் சுக்கானி, அது போச்சு. இனிமே பிரம்மாவே வந்தாலும் ஓடாது. இன்னொண்ணுக்கும் இழுத்துக்கிட்டு இருக்கு. ஆறு தரம் போயாச்சு, ஒரு குமிழி வரல. வகிடு வகிடுன்னியே, இது வழுக்கைய்யா. போதும்."

சிலர் சிரித்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத முகங்கள். கேப்டன் சுக்கானியின் பக்கம் திரும்பினார். "ஆறுன்னு எழுதவா, பத்துன்னு எழுதவா? உங்க மக போற வழி அண்ணே. நீங்களே சொல்லுங்க."

சுக்கானி தன் காலடியில் இருந்த இரண்டு குழிகளைப் பார்த்தார். மகள் கேட்டது காதில் நின்றது.

"கப்பலை விட மனசில்லைதான் மேடம்" என்றார்.  "அது உண்மை. அதுக்காகப் பாக்கி நாலு தரமும் பொய்யாகிடாது. பத்து போகணும்."

கேப்டன் தலையசைத்தார். எஞ்சின்காரர் சுக்கானியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "மாமியாருக்கு வாய் வலிக்காம இருந்தா சரி" என்று முணுமுணுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஒற்றை எஞ்சினில் கப்பல் நண்டு நடப்பது போலப் பக்கவாட்டில் நடந்தது. சுக்கானைத் தோள்பட்டையால் அழுத்திப் பிடித்து, நேராக வைக்க வேண்டியிருந்தது. ஏழு. எட்டு. கள்ளக் கண்ணி விழிக்கிற நேரம் இதுதான்.  ஒன்பது. கை மரத்துப்போய் வேறு யாரோ சுக்கான் பிடிப்பது போல இருந்தது. பத்தாவது தரம் கடைசி மிதவையைத் தாண்டி, மாமியாரும் தாண்டி, அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் போய், கேப்டன் கையை உயர்த்தினார்.

தண்ணீர் தன்பாட்டுக்குக் கிடந்தது.

சுக்கானிக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தது. இத்தனை ஆர்ப்பாட்டம், இத்தனை பேரின் தூக்கம், பேண்டுக்காரர்களின் மதியச் சாப்பாடு. "வீண் வேலை வச்சுட்டேன் மேடம்" என்றார்.

"நேத்து வரைக்கும் இல்லைன்னு நினைச்சோம் அண்ணே. இன்னிக்கு இல்லைன்னு தெரியும். இது வீண்னா நாம இத்தனை வருஷம் பண்ணினது எல்லாமே வீண்தான்." கேப்டன் வயர்லெஸ்ஸை எடுத்தார். அந்தக் கப்பலின் கடைசி அறிக்கையை, மற்ற எல்லா அறிக்கையையும் போலவே சொன்னார். "ஒன்றுமில்லை."

படகுத்துறையில் பேண்டு முழங்கியது. புதுப்படகு கிளம்பியது. துடைப்பம் வழியை விட்டு ஒதுங்கி, ஒற்றை எஞ்சினில் தள்ளாடிக்கொண்டு நின்றது. படகில் யார் யார் என்று இங்கிருந்தே தெரிந்தது. எஞ்சின்காரரின் அண்ணியும் பிள்ளைகளும், கேப்டனின் அப்பா அம்மா, சமையற்காரரின் ஒன்றுவிட்ட தங்கச்சி குடும்பம். முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுக்கானியின் மனைவி. கண்ணாடிக்குப் பின்னால் மகள்.

படகு பாறைத்திட்டை நெருங்கியது.  மிதவைகளுக்கு வெளியே, ஏற்கெனவே பெருக்கிய பக்கமாக ஒதுங்கிப் போகவும் அகலமான வழி இருந்தது. புத்தியுள்ள எவரும் இன்று ஒரு நாளாவது அப்படி ஒதுங்கித்தான் போவார்கள். ஒதுங்கிப் போடி அம்மா என்று அவர் வாய்க்குள் சொன்னார். பத்து தரம் பெருக்கியவர்தான், இல்லை என்று தெரிந்தவர்தான். பெற்ற மனசுக்கு அதெல்லாம் புரியுமா?

மகள் ஒதுங்கவில்லை. சுக்கானைத் துளியும் திருப்பாமல், வேகத்தையும் குறைக்காமல், நான்கு மிதவைகளின் நட்டநடுவே படகை விட்டாள். விளக்குப் படகு எத்தனையோ வருடம் நின்ற அதே இடத்தில் நீளமாக ஒரு முறை ஹாரன் அடித்தாள். படகு வட்டத்தைத் தாண்டித் தீவைப் பார்த்துப் போனது. தீவுக் கரையில் ஆட்கள் கையை வீசிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஓடி வந்தார்கள். சுக்கானி சுக்கானின் மேல் நெற்றியை வைத்து அழுதார். எஞ்சின்காரர் பார்க்காதது போல எங்கோ பார்த்தார். அவர் கண்ணிலும் கரி விழுந்திருந்தது, பாவம்.

வயர்லெஸ் கரகரத்தது. மகளின் குரல். "துடைப்பம், துடைப்பம். அப்பா இருக்காரா?"

சுக்கானி கருவியை வாங்கினார். "சொல்லும்மா. என்ன?"

"ஒண்ணுமில்லப்பா," என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்த வார்த்தையை அவர் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறார். இந்த மாதிரி ஒரு தரமும் கேட்டதில்லை.  அண்ணாந்து பார்த்தார். உச்சியில் பட்டுக்குஞ்சம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் பெரிய போர்க்கப்பல், எவன் உத்தரவிட்டானோ, தன் கனத்த குரலில் துடைப்பத்துக்காக ஒரு தரம் ஊதியது.

"நேத்து ஒண்ணு கேட்டியே. ரெண்டுக்கும்தாம்மா. உனக்காகவும்தான், கப்பலுக்காகவும்தான்."

"தெரியும்ப்பா."

"பலகை வேணும்னியே, கேட்டு வாங்கித் தரேன். சுக்கானுக்கு முன்னால இருக்கிற ரெண்டு பலகை குழி விழுந்து கிடக்கும். அதையும் சேத்து எடுத்துக்கோ, பரவாயில்ல. ஆனா பெஞ்சை ஆணி அடிச்சு வைக்காதே."

"ஆணி அடிக்கலன்னா அலையில ஆடுமேப்பா?"

"கொக்கி போட்டு மாட்டு," என்றார் சுக்கானி. "கழட்டி நகர்த்தி, அடியில பெருக்கணும்ல?"